நியூகிரேஞ்ச் கல்லறை மேடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்துக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் கூட்டிக்கொண்டு போவது நியூகிரேஞ்சுக்குத்தான். போகும்போது எல்லோரும் பேசாமல் வருவார்கள். திரும்பும்போது காரில் கேள்வி மேல் கேள்வி வரும். ஏறக்குறைய எல்லோரும் கேட்பது ஒரே கேள்விகள்தான். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். போகப்போகிறவர்கள் முன்கூட்டியே படித்துவிட்டால், அங்கே நிற்கிற கொஞ்ச நேரத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

நியூகிரேஞ்ச் என்பது என்ன? எங்கே இருக்கிறது?

புதிய கற்கால மக்கள் கட்டிய பெரிய கல்லறை மேடு. அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில், டப்ளினிலிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில், பாய்ன் ஆற்றின் வடகரை மேட்டில் இருக்கிறது. சுற்றிலும் பசும்புல் வயல்கள், வேலிச்செடிகள், மேயும் மாடுகள். ஆறு இந்த இடத்தில் தெற்கே வளைந்து ஓடுகிறது. வளைவுக்குள் நியூகிரேஞ்ச், நௌத், டௌத் என்று மூன்று பெரிய மேடுகளும் அவற்றைச் சுற்றிப் பல சிறிய மேடுகளும் உள்ளன. இந்த முழு நிலப்பரப்புக்கும் ஐரிஷ் மொழியில் புரூ ந போனியா என்று பெயர். 1993-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நியூகிரேஞ்ச் மேட்டின் குறுக்களவு சுமார் 85 மீட்டர், உயரம் சுமார் 13 மீட்டர். ஒரு ஏக்கர் நிலத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அடிவிளிம்பைச் சுற்றி 97 பெரிய கற்களைப் படுக்கை வசத்தில் வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். மேட்டுக்குள் சுமார் 2 லட்சம் டன் கல்லும் மண்ணும் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

பெயரில் ‘நியூ’ என்று ஏன் இருக்கிறது? இது பழையதாயிற்றே!

பெயர்தான் புதிது. 1142-இல் பக்கத்தில் மெல்லிஃபாண்ட் என்ற கிறிஸ்தவத் துறவிகள் மடம் தொடங்கியது. இந்த நிலமெல்லாம் பிறகு அந்த மடத்தின் கைக்கு வந்தது. மடத்துக்குச் சொந்தமான, தானியக் களஞ்சியத்தோடு கூடிய பண்ணையைக் ‘கிரேஞ்ச்’ என்பார்கள். மடத்தின் புதுப் பண்ணை என்பதால் நியூகிரேஞ்ச். பண்ணையின் பெயர் மேட்டுக்கும் ஒட்டிக்கொண்டது.

5,200 ஆண்டு பழையது என்கிறார்களே, எப்படித் தெரியும்?

கல்லை வைத்துக் காலம் சொல்ல முடியாது. கல் மனிதனைவிட எத்தனையோ கோடி ஆண்டு மூத்தது. ஆனால் இதைக் கட்டியவர்கள் தங்களை அறியாமல் ஒரு கடிகாரத்தை உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கூரைக் கற்களின் இடுக்குகளில் மழைநீர் இறங்காமலிருக்க எரிந்த மண்ணையும் கடல் மணலையும் கலந்து அடைத்தார்கள். அந்த எரிந்த மண்ணிலிருந்த கரியைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பியபோது, கி.மு. 3200 சுமார் என்று விடை வந்தது. எகிப்தின் கீசா பெரும் பிரமிடு கி.மு. 2560 வாக்கில் எழுந்தது. அதைவிட இது 600 ஆண்டுக்கு மேல் மூத்தது. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தில் இன்று நாம் பார்க்கும் பெரிய கற்கள் நிறுத்தப்பட்டதும் ஏறக்குறைய அந்தப் பிரமிடின் காலத்தில்தான்.

இதைக் கட்டியவர்களிடம் உலோகம் கிடையாது. சக்கர வண்டி கிடையாது. இதை நினைத்துக்கொண்டே அந்த விளிம்புக் கற்களுக்கு முன்னால் நின்று பாருங்கள்.

நம் ஊரிலும் பெருங்கற்காலச் சின்னங்கள் உண்டே, இரண்டும் ஒன்றா?

எல்லோரும் கேட்பது, கேட்க வேண்டியதும்கூட. நம் ஊரில் பெருங்கற்காலம் என்று சொல்வது இரும்புக் காலத்தை. கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரத்தில் குன்றின்மேல் நிற்கும் கல்திட்டைகள், கல்வட்டங்கள், கற்பதுக்கைகள், ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகள் எல்லாம் இரும்பு தெரிந்த மக்களுடையவை. நியூகிரேஞ்ச் மக்கள் செம்பைக்கூடப் பார்த்ததில்லை. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கில் இரண்டுக்கும் இடையில் ஆயிரம் இரண்டாயிரம் ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. தொடர்பு இருந்ததற்கான தடயம் எதுவும் இல்லை. ‘பெருங்கல்’ என்ற சொல் கட்டிய முறையைத்தான் சொல்கிறது, காலத்தையோ இனத்தையோ அல்ல.

ஆனால் கல்திட்டையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நியூகிரேஞ்சின் உள்கட்டு அந்நியமாகத் தெரியாது. பலகைக்கல்லை நிறுத்தி, மேலே பலகைக்கல்லைப் போட்டு மூடுவது அங்கேயும் அதே வேலைதான்.

உள்ளே என்ன இருக்கிறது?

தென்கிழக்குப் பக்கம் ஒரே ஒரு வாசல். அதிலிருந்து 19 மீட்டர் நீளத்துக்குக் குறுகலான இடைகழி. நம் பழைய வீடுகளின் ரேழி மாதிரி, ஆனால் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். இடப்பக்கம் 22, வலப்பக்கம் 21 நெடுங்கற்கள் நிற்கின்றன. ஓரிரண்டு இடங்களில் குனிந்து உடம்பை ஒருக்களிக்க வேண்டியிருக்கும். நடக்கும்போது தெரியாது, ஆனால் தரை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் போய்ச் சேரும் அறையின் தரை, வாசலைவிட ஏறக்குறைய 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த ஏற்றத்தை மறந்துவிடாதீர்கள், டிசம்பர் வெயிலைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

அறை சிலுவை வடிவம். மூன்று பக்கமும் மாடம்போலச் சிறு பகுதிகள், அவற்றில் அகன்ற கல்தொட்டிகள். இறந்தவர்களின் எலும்பும் சாம்பலும் இந்தத் தொட்டிகளில்தான் வைக்கப்பட்டன என்று கருதப்படுகிறது. வலப்பக்க மாடம் மற்ற இரண்டையும்விடப் பெரிது, செதுக்கல்களும் அங்கேதான் அதிகம். அதன் கூரைக்கல்லை அண்ணாந்து பார்க்கத் தவறாதீர்கள்.

அப்புறம் நடு அறையின் கூரை. கற்களை வரிசை வரிசையாக, ஒவ்வொரு வரிசையையும் முந்தியதைவிடச் சற்று உள்ளே தள்ளி அடுக்கி, 6 மீட்டர் உயரத்தில் ஒரே கல்லால் மூடியிருக்கிறார்கள். சாந்து கிடையாது. மேலே இருக்கும் கற்குவியலின் பாரமே கற்களை இறுக்கிப் பிடித்திருக்கிறது. கூரைக் கற்களின் மேற்பக்கத்தில் தண்ணீர் வடிந்தோடச் சிறு வாய்க்கால்களும் வெட்டியிருக்கிறார்கள். ஐயாயிரம் ஆண்டு அயர்லாந்து மழைக்கு அந்த அறை ஒழுகவில்லை. என்னைக் கேட்டால், வெளியே இருக்கும் எதையும்விட இந்தக் கூரைதான் நியூகிரேஞ்சின் பெருமை. இதை யாரும் திருப்பிக் கட்டவில்லை. அவர்கள் வைத்தபடியே இருக்கிறது.

அந்த வெள்ளைச் சுவர் உண்மையிலேயே அப்படித்தான் இருந்ததா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

படங்களில் எல்லோரும் முதலில் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். வாசலின் இரண்டு பக்கமும் பளீரென்று வெள்ளைக் கற்கள், நடுநடுவே சாம்பல் நிற உருண்டைக் கற்கள். வெள்ளைக் கல் குவார்ட்ஸ். நம் ஊரில் வெங்கச்சாங்கல் என்போமே, அதே வகை. அது தெற்கே விக்லோ மலைப் பக்கத்திலிருந்து வந்தது. உருண்டைக் கற்கள் வடக்கே டண்டாக் விரிகுடா, மோர்ன் மலைப் பக்கத்தவை. கற்கள் அசல், அதில் சந்தேகமே இல்லை. அந்தக் கற்கள் சுவராக நின்றனவா என்பதுதான் கேள்வி.

1699-இல் இந்த நிலத்துக்குச் சொந்தக்காரரான சார்லஸ் காம்ப்பெல் என்பவரின் ஆட்கள் பாதை போடக் கல் எடுத்தபோதுதான் வாசல் வெளிப்பட்டது. அப்போது இது மரம் முளைத்து, மண் சரிந்து, சாதாரணக் குன்றுபோல இருந்தது. அடுத்த 260 ஆண்டுகளும் கிட்டத்தட்ட அப்படியேதான் கிடந்தது. 1962-இல் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் மைக்கேல் ஓ’கெல்லி இங்கே அகழாய்வைத் தொடங்கி 1975 வரை நடத்தினார். வாசலுக்கு முன்னால் சரிந்து கிடந்த கற்களை விலக்கியபோது, அடியில் பழைய தரையின்மேல் வெள்ளைக் குவார்ட்ஸ் படலம் ஒன்று விரிந்து கிடந்தது. வாசலை ஒட்டிய பகுதியில் கனமாகவும் தள்ளிப்போகப் போக மெலிந்தும் இருந்தது. இது ஒரு காலத்தில் விளிம்புக் கற்களுக்கு மேலே சுவராக நின்று, பிறகு முன்னோக்கிச் சரிந்தது என்று அவர் முடிவு செய்தார். அந்த முடிவின்படி சுமார் 3 மீட்டர் உயரத்துக்கு, ஏறக்குறைய செங்குத்தாகச் சுவரை எழுப்பினார்கள். அது மறுபடியும் சரிந்துவிடாமலிருக்க, பின்னால் கான்கிரீட் தாங்குசுவர் கட்டினார்கள்.

மாற்றுக் கருத்தும் வலுவானது. கான்கிரீட் இல்லாமல் இவ்வளவு செங்குத்தான சுவர், பின்னாலிருந்து தள்ளும் அத்தனை கற்குவியலைத் தாங்கி எப்படி நின்றிருக்கும் என்று கேட்கிறார்கள். பக்கத்து மேடான நௌத்தை அகழ்ந்த ஜார்ஜ் ஈகன், அங்கேயும் வாசலுக்கு முன்னால் இதேபோலக் குவார்ட்ஸைக் கண்டார். அவர் அதை வாசல் முன் தரையில் பரப்பியது என்று கொண்டு, தரையிலேயே விட்டுவிட்டார். இன்று ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம்: ஒரே கல், ஒரே காலம், இங்கே சுவர், அங்கே தரை. ஆய்வாளர்கள் ஒத்துப்போகாத ஒரு விஷயத்தை இவ்வளவு கண்கூடாகக் காட்டும் இடம் வேறு எனக்குத் தெரியாது.

என் கருத்து இது. ஓ’கெல்லி கற்பனையில் கட்டவில்லை, கிடைத்த தடயத்தைப் படித்துக் கட்டினார். ஆனால் ஒரு ஊகத்தைக் கான்கிரீட்டில் ஊன்றிவிட்டால், பிறகு அது ஊகம் என்பதே பார்ப்பவர்களுக்கு மறந்துபோகிறது. சுவரை அந்த உயரத்துக்கு எழுப்பியிருக்க வேண்டாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் எது பழசு, எது புதுசு?

வெள்ளைச் சுவரின் கற்கள் பழசு, அடுக்கியது 20-ஆம் நூற்றாண்டில். மேட்டின் செங்குத்தான முகப்பு அந்தச் சுவரால் வந்த தோற்றம். வாசலின் இரண்டு பக்கமும் உள்வாங்கி வளையும் கரிய கற்சுவர்கள் முழுக்கப் புதியவை. பார்வையாளர்கள் போய்வர இடம் வேண்டும் என்பதற்காகச் செய்தது அது. பழையது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்றுதான் வேறு நிறக் கல்லை வைத்தார்கள், நல்ல ஏற்பாடு. படிக்கட்டும் புதிது. அந்தக் காலத்தில் உள்ளே போக வேண்டுமென்றால் வாசலுக்குக் குறுக்கே கிடக்கும், சுருள் செதுக்கிய வாசற்கல்லின்மேல் ஏறித்தான் தாண்டியிருக்க வேண்டும்.

இடைகழியின் நெடுங்கற்கள் பழையவை, ஆனால் நிமிர்த்தப்பட்டவை. அகழாய்வுக்கு முன் பல கற்கள் உள்பக்கம் சாய்ந்து வழியை நெருக்கியிருந்தன. தவழ்ந்து போக வேண்டிய இடங்களும் இருந்தன. ஓ’கெல்லி குழுவினர் மேலிருந்து திறந்து, கற்களை நேராக்கி, மேற்பாரம் மறுபடியும் அவற்றின்மேல் இறங்காதபடி மேலே கான்கிரீட் கூடு ஒன்றைக் கட்டினார்கள். இதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது இல்லாவிட்டால் நீங்களும் நானும் உள்ளே போயிருக்கவே முடியாது.

நடு அறையும் அதன் கூரையும் பழசு. 97 விளிம்புக் கற்களும் பழசு. அறைக் கற்களில் தெரியும் ஆங்கிலப் பெயர்களும் ஒரு வகையில் பழசுதான், 18, 19-ஆம் நூற்றாண்டில் வந்தவர்கள் கிறுக்கிவிட்டுப் போனவை. பார்த்தால் வயிறு எரியும்.

டிசம்பரில் வெயில் உள்ளே வருவது எப்படி?

வாசலுக்கு மேலே இன்னொரு திறப்பு இருக்கிறது. கூரைப்பெட்டி என்று சொல்லலாம். கல்லால் ஆன சிறு சன்னல், அதன் மேற்கல்லில் பெருக்கல்குறி வரிசை செதுக்கியிருக்கிறது. ஆண்டின் மிகக் குறுகிய பகலான டிசம்பர் 21-ஐ ஒட்டிய சில காலைகளில், எதிரே ஆற்றுக்கு அப்பால் இருக்கும் மேட்டின்மேல் சூரியன் எழுகிறது. கதிர் அந்தச் சன்னல் வழியே நுழைந்து, இடைகழி முழுக்க ஓடி, அறையின் தரையைத் தொடுகிறது. வாசல் வழியாக வரும் வெளிச்சம் பாதித் தூரத்தோடு நின்றுவிடும், ஏனென்றால் தரை ஏறிக்கொண்டே போகிறது. அறையின் தரை கூரைப்பெட்டியின் மட்டத்துக்கு வருவதால், அதன் வழியாக வரும் கதிர் மட்டுமே அறையை எட்டும். அப்படியொரு சன்னலை ஏன் வைத்தார்கள் என்பதற்கு அந்த ஏற்றமே விடை.

பக்கத்து ஊர்க்காரர்கள் வெகுகாலமாக, குறிப்பிட்ட ஒரு நாளில் வெயில் உள்ளே வரும் என்று சொல்லி வந்தார்கள். ஸ்டோன்ஹெஞ்ச் கதையை இங்கே மாற்றிச் சொல்கிறார்கள் என்றுதான் ஓ’கெல்லி முதலில் நினைத்தார். பிறகு வாசல் பார்க்கும் திசையை யோசித்து, சரி, குளிர்காலத்தில் பார்த்துவிடுவோம் என்று 1967 டிசம்பர் 21-ஆம் தேதி விடியுமுன் தனியாக உள்ளே போய் இருட்டில் காத்திருந்தார். சூரியன் எழுந்து 4 நிமிடம் கழித்து, பென்சில் பருமனில் ஒரு கோடு தரையில் விழுந்தது. அகன்று ஒரு சாண் அளவு ஆயிற்று. அந்த வெளிச்சத்தில் பக்க மாடங்களும் கூரையும்கூடத் தெரிந்தன. முதல் கோடு விழுந்து 17 நிமிடத்தில் துண்டித்ததுபோல நின்றுவிட்டது. எத்தனையோ தலைமுறைகளுக்குப் பிறகு அதை உள்ளிருந்து பார்த்து எழுதிவைத்த முதல் ஆள் அவர்.

அந்த 4 நிமிடத் தாமதத்துக்கும் காரணம் உண்டு. பூமியின் அச்சுச் சாய்வு இந்த 5,000 ஆண்டில் சிறிது மாறியிருக்கிறது. கட்டிய காலத்தில் சூரியன் தலைகாட்டும் கணத்திலேயே கதிர் உள்ளே வந்து, பின்மாடம் வரை போயிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இங்கே டிசம்பரில் பகல் ஏழரை மணி நேரம்தான். அதிலும் பெரும்பாலும் மேகம். இங்கே ஒரு குளிர்காலத்தைக் கழித்த பிறகுதான், சூரியன் தெற்கே போனது போதும் என்று திரும்பும் நாளுக்காக இவ்வளவு பெரிய கட்டடம் கட்டியதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

கூரைப்பெட்டியே 1960-களில் செய்த வேலை என்று படித்தேனே?

2016-இல் அப்படி ஒரு குற்றச்சாட்டு எழுந்து செய்திகளில் அடிபட்டது. அகழாய்வுக் காலத்துப் படங்களையும் குறிப்புகளையும் மறுபடி ஆராய்ந்தவர்கள் அதை மறுத்தார்கள். செதுக்கிய மேற்கல்லின் விளிம்பு, அகழாய்வுக்கு வெகுகாலம் முன்பே மண்ணுக்கு வெளியே தெரிந்துகொண்டிருந்தது. திறப்பை அடைக்க இரண்டு குவார்ட்ஸ் கற்கள் பயன்பட்டதாகக் கருதப்படுகிறது. அவற்றில் ஒன்று கிடைத்தது, அதை இழுத்துத் தள்ளிய கீறல்கள் அடிக்கல்லில் இருந்தன. இடைகழியை நேராக்கியபோது கூரைப்பெட்டியையும் எடுத்துத் திரும்ப வைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் திரும்ப வைப்பது வேறு, புதிதாகச் செய்வது வேறு.

யாரை இங்கே வைத்தார்கள்?

அகழாய்வில் கிடைத்தது குறைந்தது ஐந்து பேரின் எச்சங்கள். சில எரிந்தவை, சில எரியாதவை. கூடவே எலும்பு ஊசிகள், மணிகள், பதக்கங்கள், சுண்ணாம்புக்கல் கோலிகள். 1699 முதல் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்வந்த இடம் என்பதால், முதலில் எவ்வளவு இருந்திருக்கும் என்று இனிக் கணக்குச் சொல்ல முடியாது.

2020-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்ட மரபணு ஆய்வு பெரிய பரபரப்பை உண்டாக்கியது. வலப்பக்க மாடத்தில் கிடைத்த ஓர் ஆணின் மண்டையோட்டுத் துண்டை ஆராய்ந்தார்கள். அவனுடைய பெற்றோர், உடன்பிறந்தவர்களாகவோ பெற்றவரும் பிள்ளையுமாகவோ இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. எகிப்திய அரச குடும்பங்களில் நடந்ததுபோல, தெய்வ அம்சம் கொண்டாடிய ஆளும் குடும்பமாக இருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள். ‘நியூகிரேஞ்ச் மன்னன்’ என்று செய்திகள் வந்தன. 2025-இல் வேறு ஆய்வாளர்கள் இதைக் கேள்வி கேட்டார்கள்: ஒரே ஒரு மனிதனின் ஒரே ஒரு எலும்பை வைத்து அரச வம்சத்தை எழுப்ப முடியுமா? எனக்கும் அந்தத் தயக்கம் நியாயமாகப் படுகிறது. அவனுடைய பெற்றோரைப் பற்றி எலும்பு சொல்கிறது. அவன் தலையில் மகுடம் இருந்ததா என்று அது சொல்லவில்லை.

ஆனால் ஒரு விஷயம் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது. பக்கத்து டௌத் மேட்டைப் பற்றி இடைக்கால ஐரிஷ் ஏடுகளில் ஒரு பழங்கதை இருக்கிறது. அரசன் ஒருவன் மேடு கட்டத் தொடங்குகிறான், அவன் தங்கை மந்திரத்தால் சூரியனை நிறுத்திவைக்கிறாள், அண்ணன் தங்கையோடு கூடியதும் மந்திரம் உடைந்து இருட்டிவிடுகிறது. நாலாயிரம் ஆண்டு நினைவு அப்படி வாய்வழியாக வருமா என்றால் நிரூபிக்க முடியாது. படித்த பிறகு மறக்கவும் முடியவில்லை.

கட்டியவர்கள் கெல்ட் மக்களா?

இல்லை. இங்குள்ள கற்களில் செதுக்கியிருக்கும், ஒன்றோடொன்று பின்னிய மூன்று சுருளை நினைவுப்பொருள் கடைகளில் கெல்ட் சின்னம் என்று விற்கிறார்கள், ஆனால் கெல்ட் மொழி பேசியவர்கள் வந்தது மிகவும் பிந்தி. கட்டியவர்கள் விவசாயிகள். கோதுமை விதைத்தார்கள், மாடு வளர்த்தார்கள். அவர்களுடைய முன்னோர்களின் வேர் அனடோலியா பக்கம், இன்றைய துருக்கி வரை போகிறது.

சுருள்களுக்கு என்ன அர்த்தம்?

சூரியன் என்பார்கள், ஆறு என்பார்கள், பிறப்பும் இறப்பும் என்பார்கள். எழுத்து விட்டுச் செல்லாத மக்கள், கேட்க ஆளில்லை. அர்த்தத்தைவிட என்னை நிறுத்தியது வேறொன்று. கற்களை எடுத்தபோது, மேட்டுக்குள் புதைந்திருந்த பின்பக்கங்களிலும் கூரைப் பலகைகளின் மேற்பக்கத்திலும் செதுக்கல்கள் இருந்தன. கட்டி முடித்த பிறகு எந்தக் கண்ணும் பார்க்க முடியாத இடங்கள் அவை. இரும்பு உளி இல்லாமல், தீக்கல் முனையால் கொத்திக் கொத்திச் செய்திருக்கிறார்கள். பார்ப்பதற்காகச் செய்யவில்லை, கல்லில் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்திருக்கிறார்கள்.

கைவிடப்பட்ட பிறகு மக்கள் இதை மறந்துவிட்டார்களா?

முழுக்க மறக்கவில்லை. ஐரிஷ் புராணத்தில் இது தக்தா என்ற தெய்வத்தின் வீடு, பிறகு அவருடைய மகன் ஏங்கஸின் வீடு. ஏங்கஸின் தாய் போவான், பாய்ன் ஆறே அவள்தான். மேட்டின் முன்னால் ரோமானியப் பொற்காசுகளும் நகைகளும் கிடைத்திருக்கின்றன. ரோமானியப் பேரரசு அயர்லாந்தை ஆண்டதே இல்லை. ஆகவே யாரோ வெகுதூரத்திலிருந்து கொண்டுவந்து காணிக்கையாகப் போட்டிருக்கிறார்கள். கட்டி 3,500 ஆண்டுக்குப் பிறகும் கும்பிட ஆள் வந்திருக்கிறது.

எப்படிப் போவது?

நேராக மேட்டுக்குப் போக முடியாது. ஆற்றின் தென்கரையில், டோனோர் கிராமத்துக்குப் பக்கத்தில் பார்வையாளர் மையம் இருக்கிறது. டிக்கெட் அங்கே. நடைபாலத்தில் ஆற்றைக் கடந்தால், அங்கிருந்து அவர்களுடைய பஸ் கூட்டிப்போகும். வழிகாட்டியோடு சிறு குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள். கோடையில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. பெரிய பை, குழந்தை வண்டி வேண்டாம். மூடிய இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் வெளியிலேயே நின்று பார்ப்பது நல்லது.

அசல் டிசம்பர் வெயிலைப் பார்க்க முடியுமா?

அதற்குக் குலுக்கல். ஆண்டுதோறும் பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பிக்கிறார்கள். அறையில் ஏறக்குறைய 20 பேருக்குத்தான் இடம். பெயர் விழுந்தாலும் மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. ஆனால் மனம் தளர வேண்டாம். மற்ற நாட்களில் வழிகாட்டி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, கதிர் வருவதுபோல ஒரு விளக்கை இடைகழி வழியாக விடுவார். செயற்கை வெளிச்சம்தான். அதற்கு முந்தைய சில விநாடி இருட்டு மட்டும் அசல். என் அம்மா அந்த இருட்டில் என் கையைப் பிடித்தவர், வெளியே வரும்வரை விடவில்லை.

உள்ளே பார்த்து முடித்ததும் பஸ்ஸுக்குப் போய்விடலாமா?

வேண்டாம், நேரம் இருந்தால் மேட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பெரும்பாலோர் முன்பக்கத்தோடு திரும்பிவிடுகிறார்கள். பின்பக்கம் போனால் வெள்ளைச் சுவர் இல்லை. புல் மூடிய சரிவும், அடியில் படுத்திருக்கும் விளிம்புக் கற்களும் மட்டும். வாசலுக்கு நேர் எதிரே, 52 என்று எண்ணிட்ட விளிம்புக்கல் இருக்கிறது. வாசற்கல்லில் இருப்பதுபோலவே அதிலும் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. ஒரு பக்கம் சுருள்களும் சாய்சதுரங்களும், இன்னொரு பக்கம் சிறு குழிகள். வாசற்கல்லுக்கு இருக்கும் கூட்டம் இதற்குக் கிடையாது. பெரும்பாலும் நீங்கள் மட்டும்தான் நிற்பீர்கள்.